பயாப்சிக்கு முன் தோலை உறைய வைத்தால் ஊசி வேண்டாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை இருக்கிறது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், இரண்டு வருடமாக ஒரு திட்டு கருத்துத் தடித்து அரிக்கிறது. தோல் மருத்துவர் 4 மி.மீ. பஞ்ச் பயாப்சி, அதாவது வட்டமான கூர்முனைக் கருவியால் தோலில் சிறு துண்டை வெட்டிப் பரிசோதிப்பது, எடுக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு ஊசி என்றாலே நடுக்கம். முன்பு கையில் இருந்த மருவை ஊசி போடாமல் புகைபோல எதையோ அடித்து உறைய வைத்தே எடுத்துவிட்டார்கள். இதையும் அப்படியே செய்ய முடியாதா, வீட்டிலேயே ஐஸ் வைத்துக்கொண்டு போனால் போதாதா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஊசி குத்தும் வலியைக் குளிர்ச்சி குறைக்குமா என்பது ஒன்று. ஊசியே இல்லாமல் குளிர்ச்சியை மட்டும் வைத்துச் சதையை எடுக்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில், குறைக்கும். இரண்டாவதற்கு, அம்மாவுக்கு எடுக்கப்போகும் வகையில், முடியாது. முயலவும் கூடாது. காரணம் வலி மட்டும் இல்லை. பயாப்சியின் முடிவே கெட்டுப்போகலாம்.

குழப்பம் அந்த மருவில்தான் தொடங்குகிறது. மருவுக்கு அடித்தது பெரும்பாலும் திரவ நைட்ரஜனாக இருக்கும். அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். தோலை மரக்க வைப்பது அதன் வேலை இல்லை, மருவின் செல்களைக் கொல்வதுதான் வேலை. செல்லுக்குள்ளும் வெளியிலும் பனிப்படிகங்கள் உருவாகி, அவை உருகும்போது செல் சிதைகிறது. பிறகு கொப்புளம் கட்டி, காய்ந்து உதிர்கிறது. அங்கே எதையும் வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் தேவை இல்லாததால், செல் எப்படிச் செத்தாலும் கவலையில்லை. பயாப்சியில் நிலைமை நேர் எதிர். எடுக்கும் துண்டு உயிரோடு இருந்த தோற்றத்திலேயே, அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் நோய்க்கூற்று மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மரக்க வைப்பதற்கென்று இருக்கும் குளிர் ஸ்பிரே வேறு. பழையது எத்தில் குளோரைடு. அது சுமார் 12 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். நம் தோலின் சூடு 32, 33 டிகிரி என்பதால் பட்டவுடன் ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தைத் தோலிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. தோலின் சூடு ஏறக்குறைய 10 டிகிரிக்கு இறங்கும்போது வலியைக் கடத்தும் நரம்பிழைகள் தடுமாறத் தொடங்குகின்றன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மயலின் உறை உள்ள இழைகள், அதாவது சுருக்கென்ற கூர்மையான குத்துவலியைக் கொண்டுபோகிறவை, குளிருக்கு முதலில் அடங்கும். உறை இல்லாத மெல்லிய இழைகள், மெதுவாக எழுந்து நின்று எரியும் வலியைக் கொண்டுபோகிறவை, அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அதனால்தான் ஒரு நொடிக் குத்தலுக்குக் குளிர் உதவுகிறது. அரை நிமிடம் நீடிக்கும் வெட்டுக்கு உதவுவதில்லை.

இந்த முறை புதிதும் இல்லை. 1807-ல் ஐலாவ் போர்க்களத்தின் கடுங்குளிரில் கைகால்களை அறுத்தபோது வீரர்களுக்கு வலி குறைவாக இருந்ததை நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே கவனித்து எழுதினார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்னட், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், நொறுக்கிய பனிக்கட்டியோடு உப்பைக் கலந்து தோலில் வைத்து மரக்க வைத்தார். 1884-ல் கார்ல் கோலர் கோக்கெய்னைக் கண்ணில் விட்டு மரக்க வைத்துக் காட்டிய பிறகுதான் மருந்தால் மரக்க வைப்பது மேலோங்கியது. இன்று நாம் ஊசியில் போடும் மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் 1943-ல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. குளிரை ஓரங்கட்டிவிட்டு மருந்து முன்னுக்கு வந்ததற்கு முக்கியமான காரணம் ஆழம்.

குளிர் மேலிருந்து கீழே இறங்குகிறது. பஞ்ச் கருவியோ தோலின் மேலடுக்கு, அதற்குக் கீழே தடித்த தோலடுக்கு, இரண்டையும் கடந்து கொழுப்புவரை போகிறது. முழங்காலுக்குக் கீழே அது சில மில்லிமீட்டர் ஆழம். அம்மாவின் திட்டு தடித்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். ஸ்பிரே அடித்தால் நன்றாகக் குளிர்வது மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய பகுதிதான். அடியில் ஓடும் ரத்தம் 37 டிகிரிச் சூட்டோடு வந்துகொண்டே இருப்பதால், ஸ்பிரேயை நிறுத்திய நொடியிலிருந்து தோல் மறுபடி சூடேறுகிறது. உணர்ச்சி மரத்திருப்பது பத்து நொடி முதல் அதிகபட்சம் ஒரு நிமிடம். பஞ்சைச் சுழற்றி இறக்க, துண்டை நசுக்காமல் தூக்க, அடியில் கத்தரிக்க, ரத்தத்தை நிறுத்த, ஒன்றிரண்டு தையல் போட எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். குளிரை ஆழத்துக்கு அனுப்புவதற்காக நீண்ட நேரம் அடித்தால், அடித்தோல் மரப்பதற்குள் மேல்தோல் உறைந்துவிடும். நமக்குப் பார்க்க வேண்டியதே அந்த மேல்தோல்தான்.

அம்மாவின் விஷயத்தில் இது வெறும் தத்துவம் இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில், அரிப்போடு, கருத்துத் தடித்த திட்டு என்றால் சந்தேகிக்கப்படுபவை சில: சொறிந்து சொறிந்து தடித்துப்போன லைக்கன் சிம்ப்ளெக்ஸ், தடிப்பு வகை லைக்கன் பிளானஸ், தோலில் அமிலாய்டு என்ற புரதம் படியும் லைக்கன் அமிலாய்டோசிஸ். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியலாம். மருந்து வேறு, எவ்வளவு நாளில் தணியும் என்பதும் வேறு. இவற்றைப் பிரித்துச் சொல்வது மேலடுக்கின் அடிவரிசைச் செல்களும் அவற்றுக்குக் கீழே ஒட்டியுள்ள கால் மில்லிமீட்டரும்தான். லைக்கன் பிளானஸில் அந்த அடிவரிசைச் செல்கள் சிதைந்து, குழிகுழியாக வெற்றிடம் விழுந்திருக்கும். தோல் உறைந்து உருகினாலும் செல்களில் வெற்றிடம் விழும். நோய் போட்ட குழியா, ஸ்பிரே போட்ட குழியா என்று நோய்க்கூற்று மருத்துவர் திணறுவார். மறுபடி பயாப்சி என்று எழுதுவார். ஊசியைத் தவிர்க்கப் போய் இரண்டு முறை வெட்டுப்பட வேண்டி வரும்.

சரி, குளிரால் என்னதான் பயன்? லிக்னோகெய்ன் ஊசி உள்ளே நுழையும் அந்த ஒரு குத்தலை மழுங்க வைக்க அது நல்ல துணை. செய்யும் முறை இது. வெட்டும் இடத்தை மருத்துவர் முதலிலேயே பேனாவால் வட்டமிட வேண்டும்; குளிர் பட்டதும் தோல் வெளுக்கும், மருந்து ஏறியதும் இடம் உப்பும், அதன்பிறகு திட்டின் ஓரத்தைத் தேடுவது கஷ்டம். பிறகு கிருமிநாசினியால் துடைத்துக் காய விட வேண்டும். மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் ஸ்பிரே அடிக்க வேண்டும். அடித்துவிட்டு மருந்தை ஏற்ற ஆரம்பித்தால் எல்லாம் வீண். ஒரு சாண் தூரத்துக்குள், தோலிலிருந்து 8 முதல் 18 செ.மீ. தள்ளி வைத்து, நான்கிலிருந்து பத்து நொடி. தோல் வெளுக்கத் தொடங்கிய கணமே நிறுத்த வேண்டும். வெள்ளைப் பனித்தூளாகப் படிந்தால் அது அளவு மீறியதற்கு அடையாளம். நிறுத்தியதும் சில நொடிக்குள் ஊசி உள்ளே போய்விட வேண்டும். குத்தும் இடம் வட்டத்தின் நடுவில் இருக்கத் தேவையில்லை. திட்டின் ஓரத்தில் குளிரவைத்து அங்கே குத்தி, மருந்தை நடுப்பக்கம் தள்ளினால் வெட்டப்போகும் துண்டின்மேல் குளிரே படாது. எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. செய்தால் நல்லது என்பது என் கருத்து.

ஸ்பிரே இல்லாத சிறிய கிளினிக்கில் ஐஸ் கட்டியே போதும். சுத்தமான கையுறைக்குள் ஐஸைப் போட்டு முடிச்சிட்டு, ஊசி போடுவதற்குச் சற்று முன்பு ஒன்றிரண்டு நிமிடம் லேசாக அழுத்திப் பிடிப்பார்கள். எடுத்ததும் ஈரத்தைத் துடைத்து, மறுபடி கிருமிநாசினி தடவி, உடனே ஊசி. விலை ஒன்றுமில்லை, தீப்பிடிக்கும் பயமில்லை, உறைந்துபோகும் ஆபத்தும் குறைவு. ஸ்பிரே ஐஸைவிடப் பெரிதாக உயர்ந்தது என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊசியில் பலருக்கும் வலிப்பது குத்தலைவிட மருந்து பரவும்போது வரும் எரிச்சல்தான். அதைக் குளிர் முழுதாக அடக்காது. அதைக் குறைக்கும் வழிகள் மருத்துவரின் கையில் இருக்கின்றன, குளிர் ஸ்பிரேயைவிட அவையே முக்கியம். ஊசி மிக மெல்லியதாக, 30 கேஜ் அளவில் இருக்க வேண்டும். நம் ஊரில் பல தோல் மருத்துவர்கள் இதற்கு இன்சுலின் சிரிஞ்சையே எடுக்கிறார்கள். அம்மா சர்க்கரைக்காக அதைப் பார்த்துப் பழகியிருந்தால் அதைச் சொல்லியே தைரியம் கொடுக்கலாம். லிக்னோகெய்ன் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது, ரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலின் சேர்த்து வருவது இன்னும் கூடுதல். அதில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் சோடியம் பைகார்பனேட் கலந்தால் எரிச்சல் நன்றாகக் குறையும். கலந்ததை அப்போதே பயன்படுத்திவிட வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை அப்படியே போடாமல், கையில் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தோலைக் குளிர வைக்கலாம், மருந்து மட்டும் குளிர்ந்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மெதுவாகச் செலுத்த வேண்டும். அரை மி.லி. மருந்துக்கு அரை நிமிடமாவது எடுத்துக்கொண்டால் நோயாளியின் முகத்திலேயே வித்தியாசம் தெரியும். முதலில் தோலுக்கு அடியில் சற்று ஆழத்தில் கொஞ்சம் விட்டு, அது மரத்த பிறகு மேலே வந்து தோலுக்குள் விடுவது இன்னும் இதமானது. எடுத்த எடுப்பிலேயே தோலுக்குள் அழுத்தி உப்ப வைத்தால்தான் கண்ணில் தண்ணீர் வரும்.

அளவைப் பற்றிப் பயம் வேண்டாம். 4 மி.மீ. பஞ்சுக்கு அரை முதல் ஒரு மி.லி. போதும். 2 சதவீத மருந்தில் ஒரு மி.லி. என்பது 20 மில்லிகிராம். அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்னின் உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 270 மில்லிகிராம் வரை இடமிருக்கிறது. சர்க்கரையையும் இது கூட்டாது. மருந்து ஏறிய ஒன்றிரண்டு நிமிடத்தில் தோல் மரத்துவிடும். அட்ரினலின் சேர்த்திருந்தால் ரத்தக்கசிவு குறைவதற்காக இன்னும் ஏழு முதல் பத்து நிமிடம் காத்திருப்பது நல்லது. வெட்டும்போது அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், கூர்மையான வலி தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அழுத்தம் தெரிந்தவுடன் ‘மரக்கவே இல்லை’ என்று பதறிக் காலை இழுத்துவிடுவார்கள். உண்மையாகவே சுருக்கென்று தெரிந்தால் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து போட்டுக்கொள்ளத் தாராளமாக இடம் உண்டு.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் குளிரை வைப்பதிலேயே கொஞ்சம் நிதானம் தேவை. பல வருடச் சர்க்கரையில் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், ரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். அப்படிப்பட்ட காலில் ஐஸையோ ஸ்பிரேயையோ அதிக நேரம் வைத்தால் எச்சரிக்கும் வலியே தெரியாமல் தோல் வெந்ததுபோல் புண்ணாகிவிடும். பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது மருத்துவருக்கு அரை நிமிட வேலை. குளிர் பட்டால் உடம்பெல்லாம் தடித்து வீங்குகிறவர்கள், விரல்கள் வெளுத்து நீலம் பாரிக்கும் ரேனாட் உள்ளவர்கள், கிரையோகுளோபுலின் போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் இந்த வழியை விட்டுவிட வேண்டும். நம் நிறத்துக்கென்று ஒரு கூடுதல் கவலையும் உண்டு. தோல் செல்களிலேயே குளிரை மிகக் குறைவாகத் தாங்குவது நிறமிச் செல்; மைனஸ் 4 முதல் மைனஸ் 7 டிகிரியிலேயே அது சாகத் தொடங்கும். மற்ற தோல் செல்கள் மைனஸ் 20-க்கும் கீழே வரை தாக்குப்பிடிக்கும். அதனால் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அளவு மீறிய குளிர் வெள்ளைத் தழும்பை விட்டுப்போகும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் கருந்திட்டாக மாறும். எத்தில் குளோரைடு எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. ரத்தத்தை நிறுத்த மின்சூடு வைக்கும் கருவி அதே அறையில் தயாராக இருந்தால் அந்த ஸ்பிரேயையே தொடக் கூடாது. தீப்பற்றாத ஃபுளோரோகார்பன் வகை ஸ்பிரேக்களும் உண்டு. முகத்தில் அடிப்பதாக இருந்தால் கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து ஐஸ் வைத்துக்கொண்டு போவதால் பயனில்லை. வண்டியேறி, டோக்கன் வாங்கி, உள்ளே கூப்பிடுவதற்குள் தோல் பழைய சூட்டுக்கு வந்துவிடும். மூட்டுவலிக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்துக்கொண்டு போகலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அதில் சில்லென்று இருப்பது பெரும்பாலும் மெந்தாலின் வேலை. தோலின் குளிர் உணரும் வாயிலை மெந்தால் திறந்துவிடுவதால் மூளைக்குக் குளிர்ச்சி என்று செய்தி போகிறது. தோலின் சூடு அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை. அந்த வாயிலை மெந்தாலை வைத்தே அடையாளம் கண்ட விஞ்ஞானிகள் ஜூலியஸ், படபூட்டியன் இருவருக்கும் வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் வாயில்களைக் கண்டதற்காக 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. பயாப்சி எடுக்கும் தோலில் இந்த ஸ்பிரே, தைலம், களிம்பு எதையும் தடவாமல் போக வேண்டும்.

வீட்டிலிருந்தே ஏதாவது செய்துகொண்டு போகத்தான் வேண்டும் என்றால் அதற்கு லிக்னோகெய்னும் பிரைலோகெய்னும் 2.5 சதவீதம் வீதம் கலந்த கிரீம் இருக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும். தடிமனாக அப்பி, மேலே பிளாஸ்டிக் உறையால் காற்றுப் புகாமல் மூடி, ஒரு மணி நேரம் வைத்தால் சுமார் 3 மி.மீ. ஆழம் வரை மரக்கும். இரண்டு மணி நேரத்தில் 5 மி.மீ. வரை போகலாம். லேசாகத் தேய்த்து மறைத்துவிட்டால் வேலை செய்யாது. ஊசிக் குத்தலுக்கு இது ஐஸைவிட நம்பகமானது, குழந்தைகளுக்கு என் முதல் தேர்வும் இதுவே. ஸ்பிரேயின் சீற்றச் சத்தமே சில குழந்தைகளை மிரட்டிவிடும். ஆனால் இந்தக் கிரீமும் மேலடுக்குச் செல்களை ஊற வைத்துத் தோற்றத்தை மாற்றக்கூடியது. தடவியிருந்தால் பரிசோதனைத் தாளில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

குளிர் மட்டுமே போதுமான இடங்களும் உண்டு. கழுத்தில் தொங்கும் மெல்லிய காம்புள்ள சதை மருக்களைக் கத்தரிப்பது, குழந்தைகளின் பாலுண்ணியைச் சுரண்டி எடுப்பது, சீழ்க்கட்டியின் மெலிந்த உச்சியைக் கீறிவிடுவது போன்ற, இரண்டு மூன்று நொடியில் முடியும் மேலோட்டமான வேலைகள் அவை. அங்கே வெட்டு ஆழமில்லை, மைக்ராஸ்கோப் பார்வையும் பெரும்பாலும் தேவைப்படாது. உள்ளங்கை, உள்ளங்காலில் ஊசி மிகவும் வலிக்கும், கிரீமும் உள்ளே இறங்காது. அங்கே ஐஸும் பக்கத்தில் ஒரு அதிர்வுக் கருவியும் சேர்ந்தால் ஊசியைத் தாங்க முடிகிறது. ஆனால் ஒரு மச்சம் நிறம் மாறுகிறது, பரவுகிறது, முக்கியமாக உள்ளங்காலிலோ நகத்தடியிலோ கருமை வளர்கிறது என்றால், அதை உறைய வைத்து உதிர்க்க யார் முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். மெலனோமா புற்றுநோய் நம் நிறத்தவர்களுக்கு அதிகம் வருவது அந்த இடங்களில்தான். முழுசாக எடுத்துப் பார்க்க வேண்டியதைக் குளிரால் அழித்துவிட்டால், பிறகு பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இன்னொரு விதிவிலக்கு தொழுநோய்த் திட்டு. அங்கே சூடு, குளிர் உணர்வு முதலிலேயே போயிருக்கும் என்பதால், மரத்த இடம்தானே என்று ஊசி இல்லாமலே வெட்டிவிடலாம் என்று தோன்றும். உணர்ச்சியிழப்பு எப்போதும் முழுமையாக இருப்பதில்லை, முகத்திலுள்ள திட்டுகளில் உணர்ச்சி நன்றாகவே இருக்கலாம். அங்கேயும் லிக்னோகெய்ன் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நோய் ஒளிந்திருப்பது நரம்பைச் சுற்றி என்பதால் துண்டு கொழுப்புவரை ஆழமாக வர வேண்டும்.

இவற்றில் எதெல்லாம் உறுதி, எதெல்லாம் இழுபறி என்பதையும் பிரித்துச் சொல்கிறேன். ஆழமான பயாப்சிக்குக் குளிர் மட்டும் போதாது என்பது உறுதி. உறைந்த தோல் மைக்ராஸ்கோப்பில் மாறித் தெரியும் என்பதும் உறுதி. குளிர் ஸ்பிரே ஊசிக் குத்தலை எவ்வளவு குறைக்கிறது என்பதில்தான் ஆய்வுகள் ஒன்றுபோல் இல்லை. நரம்பில் ஊசி ஏற்றும்போது பெரியவர்களுக்கு மிதமான பலன் தெரிகிறது. குழந்தைகளிடம் முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. ஸ்பிரே படும் அந்தக் கணமே சிலருக்கு வேதனையாக இருக்கிறது. விதிப்படி நான்கைந்து நொடி அடித்து நிறுத்திய குளிர் திசுவைக் கெடுக்க வாய்ப்பு குறைவு. கெடுப்பது நீண்ட நேர அடிப்பும் திரவ நைட்ரஜனும்தான். அம்மாவின் காலைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்தத் திட்டு என்னவென்று படத்தை வைத்து முடிவு கட்டவும் மாட்டேன்.

லிக்னோகெய்ன் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா சொன்னால் முன்பு என்ன நடந்தது என்று கேளுங்கள். பல்லுக்கு ஊசி போட்டபோது நெஞ்சு படபடத்தது, தலைசுற்றியது என்பார்கள். அது பெரும்பாலும் அட்ரினலினோ பயமோ செய்தது. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால்தான் அலர்ஜி என்று சந்தேகிக்க வேண்டும். அப்போதும் குளிருக்குத் தாவ வேண்டியதில்லை, வேறு மருந்துகள் இருக்கின்றன.

அன்று காலை அம்மா வழக்கம்போலச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகட்டும். வெறும் வயிற்றில் போனால் பயத்தோடு பசியும் சேர்ந்து மயக்கம் வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் தானாக நிறுத்தாமல் முன்பே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்தபடி வேண்டாம், படுத்த நிலையில் செய்யக் கேளுங்கள். மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ‘ஊசி இல்லாமல் முடியுமா’ என்பதற்குப் பதிலாக, ‘ஊசிக்கு முன் கொஞ்சம் ஐஸ் வைத்து, மெல்லிய ஊசியில், மெதுவாகப் போடுவீர்களா’ என்பது. பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். மரப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் விடும், அட்ரினலின் சேர்த்திருந்தால் இன்னும் சற்று நேரம் கழித்து. அதன்பின் வலித்தால் ஒரு பாரசிட்டமால் 500 போதும். முழங்காலுக்குக் கீழே புண் மெதுவாகத்தான் ஆறும். தையலை 14 நாள் வரை வைத்திருப்பார்கள், அதுவரை உட்காரும்போது காலைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.